ஜோர்ஜ் எலியட்: வாசிகசாலையில் 40 நிமிடப் பேச்சு. புனைபெயர் விசயத்தை எப்படிச் சொல்வது, எந்த நாவலை எடுப்பது?

கொக்குவில் வாசகி

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசிகசாலையில் ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் ஜோர்ஜ் எலியட் பற்றி 40 நிமிடம் கதைக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் ஏ.எல். ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகள். மிச்சப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்மார். பேச்சு தமிழில், வாசித்துக் காட்டுகிற பகுதி மட்டும் ஆங்கிலத்தில்.

சில இடங்களில் தெளிவு தேவை. "அந்தக் காலத்தில் பெண்கள் எழுத முடியாது, அதனால் ஆண் பெயர் வைத்தார்" என்றுதான் பார்க்கிற இடமெல்லாம் கிடக்கிறது. அது எவ்வளவு சரி? மேரி ஆன், மரியன், திருமதி லூயிஸ், குரொஸ் என்று ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு பெயர். மேடையில் எதைச் சொல்வது? மிடில்மார்ச் 800 பக்கம், அதை ஒருவரும் வாசித்துவிட்டு வரப்போவதில்லை. வேறு எதை எடுக்கலாம்? எங்கட ஊரோடு சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? வலிந்து பொருத்தினது போலத் தெரியக்கூடாது.

---

பழம்புத்தகக்காரன்

புனைபெயர் விசயத்தை நான் எடுக்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் கண்ட அந்த வசனத்தை மேடையில் சொல்ல வேண்டாம். 1850களில் இங்கிலாந்தில் பெண்கள் நாவல் எழுதுவதை ஒருவரும் தடுக்கவில்லை. எலிசபெத் காஸ்கெல் நாடறிந்த நாவலாசிரியர். ஹாரியட் மார்ட்டினோ சொந்தப் பெயரிலேயே பொருளாதாரம் எழுதினார். பெண் எழுதினால் விமர்சகர்கள் ஒரு படி இறக்கி வைத்துத்தான் அளந்தார்கள், அது உண்மை. ஆனால் இவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல்கள் இருந்தன.

1854 ஜூலையில் இவர் ஜோர்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு ஜேர்மனிக்குப் போனார். லூயிஸ் ஏற்கெனவே மணமானவர். மனைவி அக்னஸ் இன்னொருவருக்குப் பெற்ற பிள்ளைகளுக்கும் லூயிஸ் தன் பெயரைக் கொடுத்திருந்தார். தெரிந்தே பொறுத்துக்கொண்டவர் என்று சட்டம் அதை எடுத்ததால், பிறகு விவாகரத்துக் கேட்க அவருக்கு வழியில்லாமல் போனது. ஆகவே இருவரும் மணமாகாமலே 24 வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். லண்டனில் லூயிஸை விருந்துக்கு அழைத்த வீடுகள் இவரை அழைக்கவில்லை. இந்தப் பெண்ணின் பெயரை அட்டையில் போட்டால் குடும்ப வீடுகளுக்குள் புத்தகம் போகாது. முதற் கதைகளோ கிராமத்துப் பாதிரிமாரைப் பற்றியவை!

சமய விசயம் அடுத்தது. இயேசுவின் வாழ்க்கையை வரலாற்று ஆய்வாக எழுதிய ஸ்ட்ராவுஸின் ஜேர்மன் நூலை 1846இல் மொழிபெயர்த்தவர் இவர். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட வேலை, கூலி 20 பவுண், நூலில் பெயரும் இல்லை. 1854இல் ஜேர்மன் மெய்யியலாளர் ஃபொயர்பாக்கின் நூலை மொழிபெயர்த்தபோது மட்டும் 'மரியன் எவன்ஸ்' என்று போட்டார்கள். அவர் வாழ்நாளில் சொந்தப் பெயர் அச்சான ஒரே நூல் அதுதான். நாவலுக்கும் அதே பெயரைப் போட்டிருந்தால், நாத்திகர் எழுதிய பாதிரியார் கதை என்றுதான் பேச்சு வந்திருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். 1856 ஒக்ரோபரில் வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூ சஞ்சிகையில், பெண்கள் எழுதும் அசட்டு நாவல்களைக் கிழித்து ஒரு கட்டுரை பெயரில்லாமல் வந்தது. எழுதியவர் இவர். அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே தன் முதற் கதையையும் தொடங்கிவிட்டார். சொந்தப் பெயரில் வந்திருந்தால் அந்தக் கத்தி தன் மீதே திரும்பும் என்று அவருக்குத் தெரியாமலா?

இனி நடந்த விதம். 1856 நவம்பர் 6 அன்று லூயிஸ், எடின்பரோவில் இருந்த பதிப்பாளர் ஜோன் பிளாக்வூட்டுக்கு 'ஏமோஸ் பார்ட்டன்' கதையை ஒரு நண்பர் எழுதியது என்று சொல்லி அனுப்பினார். பிளாக்வூட், எழுதியவர் ஒரு பாதிரியார் என்று நினைத்தார். கதைக்கு 50 கினி கொடுத்தார் (ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 52 பவுண் 10 ஷில்லிங்). 1857 ஜனவரியில் சஞ்சிகையில் வந்தபோது பெயரே இல்லை. 1857 பெப்ரவரி 4 கடிதத்தில்தான் 'ஜோர்ஜ் எலியட்' பிறக்கிறது. ஜோர்ஜ் லூயிஸின் பெயர். எலியட் வாய் நிறைய வரும், சொல்ல இலகு என்று எடுத்தாராம்.

1858 தொடக்கத்தில் மூன்று கதைகளும் நூலானபோது பெரிய எழுத்தாளர்களுக்குப் பிரதி அனுப்பினார்கள். தக்கரே ஆண் என்று நம்பினார். டிக்கன்ஸ் ஜனவரி 18 அன்று, இதை எழுதியது பெண்தான் என்று தனக்குப் படுவதாகப் பதில் எழுதினார். பிளாக்வூட்டுக்கே பெப்ரவரி 28 அன்றுதான், ரிச்மண்ட் வீட்டுக்கு வந்த இடத்தில், உண்மையைச் சொன்னார்கள்.

இரகசியம் உடைந்தது எப்படி என்பதுதான் உங்கள் பேச்சின் சுவையான பகுதியாக இருக்கும். பெயரை மறைத்தவர் ஊரை மறைக்கவில்லை. கதையில் வரும் ஷெப்பர்ட்டன் அவர் வளர்ந்த சில்வர்ஸ் கோட்டன் கிராமம், மில்பி பக்கத்து நகரமான நனீட்டன். ஏமோஸ் பார்ட்டனின் மூலம், அந்தக் கிராமத்தில் உதவிக் குருவாக இருந்த ஜோன் க்வைதர். அவரே தன் கதையை அடையாளம் கண்டு பிளாக்வூட்டுக்கு எழுதினார். ஊர்ச் சனம் யார் யார் என்று பட்டியல் போட்டது. சரி, எழுதினது நம்மூர்க்காரன்தான் என்று முடிவுகட்டி, ஜோசப் லிகின்ஸ் என்பவரை ஆசிரியராக்கிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. 1859 பெப்ரவரி 1 அன்று 'அடம் பீட்' வந்து சக்கைபோடு போட்டபோது, பதிப்பாளர் லிகின்ஸுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை என்று ஊரில் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். ஏப்ரலில் லிகின்ஸ்தான் ஆசிரியர் என்று 'டைம்ஸ்' பத்திரிகைக்கே கடிதம் போனது. ஜோர்ஜ் எலியட் பெயரிலேயே மறுப்பு எழுதவேண்டி வந்தது. வேறொரு பதிப்பாளர் 'அடம் பீட்' நாவலுக்கு ஒரு போலித் தொடர்ச்சியை விளம்பரப்படுத்தினார். புனைபெயருக்குப் பின்னால் யாரும் வெளியே நிற்கவில்லை என்றால் யாரும் வந்து உரிமை கோரலாம். அதைத் தாங்காமல்தான் ஜூன் கடைசியில் மறைப்பதை நிறுத்தினார்கள்.

ஆக இரகசியம் இருந்தது இரண்டரை வருடத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு 21 வருடம் உலகுக்கே தெரிந்த பெண், அதே பெயரில் எழுதினார். விற்கிற பெயரை ஏன் மாற்றுவது?

---

ஆங்கிலரீச்சர்

பெயர் விசயம். பிறப்பு 1819 நவம்பர் 22, வொரிக்ஷயரில் ஆர்பரி பண்ணை. தந்தை ரொபர்ட் எவன்ஸ் அந்தப் பெரிய தோட்டத்தின் மேலாளர். காலவாரியாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 1850 வரை மேரி ஆன் எவன்ஸ். லண்டனுக்கு வந்து 142 ஸ்ட்ராண்ட் வீட்டில் இருந்து வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூவைச் சம்பளமும் பெயரும் இல்லாமல் நடத்திய காலத்தில் மரியன் எவன்ஸ். 1854க்குப் பிறகு நேரில் பழகியவர்களுக்குத் திருமதி லூயிஸ். மரியன் எவன்ஸ் என்று யாராவது கடிதம் எழுதினால் திருத்துவார். லூயிஸ் 1878 நவம்பர் 30இல் இறந்த பிறகு சட்டப்படி மேரி ஆன் எவன்ஸ் லூயிஸ் ஆனார். 1880 மே 6இல் ஜோன் குரொஸை மணந்து மேரி ஆன் குரொஸ். அதே ஆண்டு டிசம்பர் 22இல் மரணம். ஆங்கிலத்தில் 'ஆன்' கடைசியில் ஈ எழுத்து இருந்ததா போனதா என்று சில நூல்கள் இழுக்கும். தமிழில் அது கேட்காது, விடுங்கள்.

மேடையில் சொல்ல ஒரு ஒழுங்கு: 1857 வரை "மேரி ஆன்", அதன் பிறகு "எலியட்". மரியனையும் லூயிஸையும் ஒருதரம் மட்டும் சொல்லி விளக்குங்கள். ஒரே ஆளை ஐந்து பெயரில் சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் ஐந்து பெண்கள் என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள்.

அறிவித்தல் அடிக்கும்போது கவனம். தமிழில் வெறும் 'எலியட்' என்று தேடினால் கவிஞர் டி. எஸ். எலியட்டின் கோட்டுச் சூட்டுப் படம்தான் முதலில் வரும். அதை அப்படியே போட்டு அச்சடித்த விளம்பரங்கள் உண்டு. 1865இல் ஃபிரெடெரிக் பேர்ட்டன் வரைந்த சோக்கட்டிப் படம் லண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் இருக்கிறது. அதை எடுங்கள், அச்சிலும் தெளிவாக விழும்.

---

சாவகச்சேரி

நாவல்: 'சைலஸ் மார்னர்', 1861. வேறு யோசனை வேண்டாம். 21 அத்தியாயமும் ஒரு முடிவுரையும், எழுபதாயிரம் சொல் அளவில். 'அடம் பீட்' வேண்டாம், வட்டார வழக்குப் பேச்சு பிள்ளைகளை மறிக்கும். 'தி மில் ஒன் த ஃபுளொஸ்' நல்லதுதான், ஆனால் முதல் இரண்டு பகுதியும் சிறுபிள்ளைக் காலம், கதை சூடு பிடிக்கக் கனநேரம் எடுக்கும். 'ரொமோலா' 15ஆம் நூற்றாண்டு புளோரன்ஸ். எழுதினவரையே அந்த நாவல் கிழவியாக்கிப்போட்டதாம், வாசிக்கிறவரைக் கேட்கவா வேணும்?

'சைலஸ் மார்னர்' ஒரு நெசவாளன் கதை. சபையில் கூட்டாளி செய்த சதியால் திருட்டுப் பழி விழுந்து ரவலோ என்ற ஊருக்கு வந்து 15 வருசம் தனிய நெய்கிறான். சேர்த்த தங்கக் காசு 272 பவுண் 12 ஷில்லிங் 6 பென்ஸ். களவு போகுது. இந்தத் தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கோ. அவன் ஒவ்வொரு இரவும் எண்ணிப் பார்த்த காசு, அதனால்தான் ஆறு பென்ஸ் வரைக்கும் கணக்கு இருக்கு.

வாசிக்க வேண்டியது 12ஆம் அத்தியாயத்தின் பின்பாதி. வருசக் கடைசி இரவு. கதவைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிற சைலஸுக்கு உடல் விறைக்கிற வருத்தம் வருது. அந்த நேரம் பனியில் இருந்து ஒரு குழந்தை உள்ளே நடந்து வந்து அடுப்படியில் படுத்துவிடுது. நினைவு திரும்பினவனுக்குக் கண்பார்வை குறைவு. நிலத்தில் பொன்னாய் மினுங்குறதைத் தன் தங்கம் என்று நினைத்துக் கை நீட்டுறான். விரலில் படுறது சுருள் முடி. பிறகு நடக்கிறதைக் கவனியுங்கோ: சீனி போட்ட கஞ்சி ஊட்டுறான், குழந்தை காலைப் பிடித்து இழுக்கிறதைப் பார்த்துச் சப்பாத்து நனைந்திருக்கு என்று விளங்குது, அப்பதான் இது பனிக்குள்ளால் நடந்து வந்தது என்று புரிந்து வெளியே அடி பார்த்துப் போறான். தாய் செத்துக் கிடக்கிறாள். நனைந்த சப்பாத்து ஒன்றை வைத்து முழுக் கதையையும் திருப்புற எழுத்து. நிறுத்தி வாசித்தால் 5, 6 நிமிடம்.

ஒரு பிழை வழமையாக நடக்கும். களவெடுத்தவன் யார், குழந்தையின் தகப்பன் யார் என்று முன்னுரையிலேயே சொல்லிப்போடுவினம். சொல்லாதேங்கோ. நாவலை எடுத்து வாசிக்க வைக்கிறதே அதுதான். மூலப் பிரதிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, பதிப்புரிமை எப்பவோ முடிஞ்சுது. குட்டன்பேர்க் (Project Gutenberg) இணையத்தளத்தில் முழுதாக இருக்கு. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கோ.

---

கொக்குவில் வாசகி

மிக்க நன்றி. 12ஆம் அத்தியாயம் முடிவாகிவிட்டது. ஆனால் மிடில்மார்ச்சைச் சொல்லாமலே விட்டால் ஆசிரியர்மார் விடமாட்டார்கள். 10 நிமிடத்தில் என்ன சொல்வது? எழுத்தால் அவருக்கு என்ன வருமானம் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

---

பழம்புத்தகக்காரன்

காசைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'அடம் பீட்' நான்கு வருட உரிமைக்கு 800 பவுண். விற்பனையைப் பார்த்துப் பிளாக்வூட் தானாகவே மேலும் அனுப்பினார். அடுத்த நாவலின் முதற் பதிப்பு 4,000 பிரதிக்கு 2,000. 'ரொமோலா'வை கோர்ன்ஹில் சஞ்சிகை 1862–63இல் தொடராகப் போட 7,000 கொடுத்தது. 10,000 வரை பேசப்பட்டது. அவர் கேட்ட விதத்தில் பகுதி பிரிக்க விட்டதற்காகக் குறைத்து ஏற்றார்.

'மிடில்மார்ச்'சில் விற்கிற முறையே மாறியது. அப்போது ஒரு நாவல் மூன்று தொகுதி, விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். வாங்குவது 'மூடிஸ்' (Mudie's) போன்ற வாடகை நூலகங்கள்தான். வருடம் ஒரு கினி சந்தா கட்டினால் அங்கே எடுத்து வாசிக்கலாம். ஆகவே நூலகம் எதை ஏற்கிறதோ அதுதான் நாவல். லூயிஸ் சொன்ன யோசனைப்படி 'மிடில்மார்ச்'சை எட்டுப் பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றும் 5 ஷில்லிங்குக்கு நேரே வாசகருக்கு விற்றார்கள். முதற் பகுதி 1871 டிசம்பர், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, கடைசி இரண்டும் மாதத்துக்கு ஒன்றாக 1872 டிசம்பரில் முடிந்தது.

வாசிகசாலையில் தொடர் வாசிப்பு வைக்கிற எண்ணம் இருந்தால் இந்தப் பிரிப்பையே பிடியுங்கள்: 1–12, 13–22, 23–33, 34–42, 43–53, 54–62, 63–71, 72–86. பக்கக் கணக்கில் வெட்டினால் பகுதி முடிவில் அவர் வைத்த முடிச்சு எல்லாம் குலைந்துபோகும். ஆட்கள் வழமையாகக் கழருகிற இடம் முதல் பத்து அத்தியாயம். அதற்குக் காரணம் உண்டு. நகரத்து வைத்தியர் லிட்கேட்டின் கதையை 1869இல் தொடங்கியிருந்தார். 'மிஸ் புரூக்' என்று வேறொரு கதையை 1870 கடைசியில் எழுதத் தொடங்கினார். பிறகு இரண்டையும் ஒட்டினார். தையல் முதற் பகுதியிலேயே தெரியும். 10ஆம் அத்தியாயம் வரை மிஸ் புரூக்கான டொரொத்தியா, அவள் மணக்கிற கசொபன் கதைதான். நகரம் உண்மையில் 11இல் திறக்கிறது. இதை முன்கூட்டியே சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள்.

---

நொத்தாரிசு

சட்டப் பக்கத்தால் இரண்டு விசயம் சொல்லலாம், யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு உடனே பிடிபடும்.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணின் உழைப்பு கணவனுக்கு. 1870 சட்டம்தான் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது, மற்றச் சொத்துக்கு 1882 வரை பொறுக்க வேண்டியிருந்தது. எலியட் சட்டப்படி மணமாகாதவர். ஊர் அதைக் குறையாகச் சொன்னது, ஆனால் அதே காரணத்தால் அந்த 7,000 பவுணும் சட்டத்தில் அவருடையது. நடைமுறையில் அவர் பணம் லூயிஸின் கணக்குக்கே போனது. லூயிஸின் மூன்று ஆண்பிள்ளைகளையும் படிப்பித்தது, அக்னஸ் வீட்டுச் செலவுக்கும் போனது.

தந்தை விட்ட பணத்தின் வருமானம் தமையன் ஐசக் கையால் வந்துகொண்டிருந்தது. 1857இல் அதை லூயிஸ் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, தனக்குக் கணவர் இருப்பதாக எழுதினார். ஐசக் பதிலைத் தானெழுதாமல் சட்டத்தரணி மூலம் அனுப்பினார். இது சட்டமுறைத் திருமணம் இல்லை என்று தங்கை ஒத்துக்கொண்டதும் உறவை வெட்டிவிட்டார். 23 வருடம் பேச்சு இல்லை. குரொஸைக் கல்யாணம் கட்டியதும்தான் வாழ்த்துக் கடிதம் வந்தது.

இரண்டாவது, 'மிடில்மார்ச்'சில் கசொபனின் மரணசாசனப் பின்னிணைப்பு. விதவை டொரொத்தியா, லடிஸ்லோ என்ற இளைஞனை மணந்தால் சொத்து முழுவதும் போகும். 50ஆம் அத்தியாயத்தில் வெளிவருகிறது. பிள்ளைகள் கேட்பார்கள், அவள் பிறகு எதை வைத்துச் சீவிப்பது என்று. அவளுக்கெனத் தாய் தகப்பன் வழி வருட வருமானம் 700 பவுண் தனியே இருந்தது. எங்கட தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) சீதனம் மனைவியின் தனிச்சொத்து. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தது, ஆங்கிலேயர் 1806இல் ஏற்றது. ஆனால் காணி விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இந்த ஒப்பீட்டை இவ்வளவோடு நிறுத்துங்கள். தேசவழமை பெண்ணுக்கு எல்லா உரிமையும் கொடுத்தது என்று நீட்டினால் சபையில் ஒருவர் எழும்பி மறுப்பார், நியாயமாகவே.

---

ஆங்கிலரீச்சர்

'மிடில்மார்ச்' பத்து நிமிடத்துக்கு 18ஆம் அத்தியாயம் மட்டும் போதும். காலம் 1829–32. புதிய வைத்தியசாலைக்குச் சமய குரு ஒருவரைத் தெரிய வாக்கெடுப்பு, சம்பளம் வருடம் 40 பவுண். லிட்கேட்டுக்கு ஃபெயர்பிரதரைப் பிடிக்கும், திறமானவர், கையில் காசு குறைந்தவர். ஆனால் வைத்தியசாலைக்குப் பணம் போடுகிற வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோடுக்கு வேண்டியவர் டைக். வாக்கு சமமாக நிற்கிறது. கடைசியாக உள்ளே வருகிற லிட்கேட்டின் வாக்கில் முடிவு தங்குகிறது. இன்னொருவர் அவரைக் குத்திப் பேசிய கோபத்தில் டைக் என்று எழுதுகிறார். கோயில் பரிபாலனசபைக் கூட்டம் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பின்னால் 71ஆம் அத்தியாயத்தில், வாந்திபேதி ஒன்று வந்ததும் கூட்டின சுகாதாரக் கூட்டத்தில் புல்ஸ்ட்ரோட்டைச் சபை நடுவே வெளியேறச் சொல்லும்போது, தள்ளாடுகிற மனிதனுக்குக் கை கொடுத்து லிட்கேட் கூட நடக்கிறார். அந்த ஒரு நடையில் அவர் பெயரும் கெட்டுப்போகிறது. இரண்டு கூட்டத்தையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

ஊர் இணைப்புக்கு: அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் மேற்கத்தைய வைத்தியம் படிப்பித்தவர். லிட்கேட் போராடுகிற அதே தலைமுறை வைத்தியம் இங்கே எப்படி இறங்கியது என்று ஒரு வசனம் சொல்லலாம்.

---

வண்ணைவாசி

காலப் பொருத்தம் தேடினால் ஆறுமுக நாவலரைப் பாருங்கள். 1822–1879. எலியட் 1819–1880. ஒரே கால மனிதர்கள். எலியட் ஸ்ட்ராவுஸோடு மாரடித்த 1840களின் நடுவில், நாவலர் இங்கே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. இருவரும் கிறிஸ்தவ நூலுக்குள் ஆழமாக இறங்கி வேலை செய்து, வெவ்வேறு திசையால் வெளியே வந்தவர்கள். எலியட் 1842 ஜனவரியில் தந்தையோடு கோவிலுக்குப் போக மறுத்தார். சில மாதம் வீட்டில் போர். பிறகு, போவேன், ஆனால் நினைப்பது என் இஷ்டம் என்ற உடன்பாடு. நாவலர் சைவத்துக்கு அரண் கட்டினார். இருவரையும் நிறுத்துப் பார்க்கத் தொடங்காதீர்கள், தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

உடுவில் பெண்கள் பாடசாலை 1824. எலியட் ஐந்து வயதில் தமக்கையோடு விடுதிப் பள்ளிக்குப் போனதும் ஏறக்குறைய அதே காலம். ஆசிரியர்மாருக்கு இது பிடிக்கும்.

ஈழத்துப் பெண் நாவலாசிரியர் என்று கேட்டால் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்', 1914. புனைபெயர் இல்லை, சொந்தப் பெயர். அதை எலியட்டோடு ஒப்பிட வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள்.

---

கொக்குவில் வாசகி

அருமை. இப்படிப் பிரித்திருக்கிறேன்: வாழ்க்கை 5, புனைபெயர் 12, 'சைலஸ் மார்னர்' வாசிப்பு 6, 'மிடில்மார்ச்' 10, கேள்வி 7. கடைசியாக ஒன்று. தேனிலவில் வெனிஸில் குரொஸ் மாடத்திலிருந்து கால்வாயில் விழுந்ததைச் சொல்வதா?

---

பழம்புத்தகக்காரன்

சொல்லாதீர்கள். உண்மைதான், 1880 ஜூனில் நடந்தது, குரொஸ் உயிர் தப்பினார். ஆனால் சொன்னால் கேள்வி நேரம் 7 நிமிடமும் அதிலேயே போய்விடும். அவருக்கு 60, அவனுக்கு 40 என்று தொடங்கிவிடுவார்கள். யாராவது கேட்டால் ஒரு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு, 1885இல் எலியட்டின் வாழ்க்கை வரலாற்றை மூன்று தொகுதியாக வெளியிட்டது அதே குரொஸ் என்று திருப்பிவிடுங்கள். கடிதங்களை வெட்டிக் கொத்தி, பகிடியும் கோபமும் இல்லாத ஒரு ஞானியாக அவரை ஆக்கிவிட்டார். கோர்டன் ஹெய்ட் 1954இலிருந்து ஒன்பது தொகுதியாகக் கடிதங்களை முழுதாகப் பதிப்பித்த பிறகுதான் உண்மையான ஆளைக் காண முடிந்தது. பிள்ளைகள் கட்டுரை எழுதக் குரொஸின் தொகுப்பை மட்டும் எடுத்தால் அந்த ஞானிதான் வருவார், அதையும் சொல்லிவைக்கலாம்.

புனைபெயருக்கு 12 நிமிடம் போதாது. வாழ்க்கையில் இரண்டைக் குறையுங்கள்.